மார்க் போட வருபவரிடம் என்ன பேசுவது?

காலை எட்டரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிலையத்தில் இறங்குகிற கூட்டத்தில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். டிபன் பாக்ஸோடு லேத் பட்டறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடப்பவர்கள் ஒரு வகை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழைபவர்கள் இன்னொரு வகை. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் இருவரும்.

இரண்டாவது வகையில் சிலருடைய வேலைக்கு ஒரு விசித்திரமான பெயர் உண்டு: 'அனலிஸ்ட் ரிலேஷன்ஸ்'. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "விளம்பரமா?" இல்லை. "பத்திரிகைக்காரர்களிடம் பேசுகிற வேலையா?" அதுவும் இல்லை. "அப்போ ஷேர் மார்க்கெட்டா?" கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஆனால், அதுவும் இல்லை.

வரன் பார்க்கிற வீட்டை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயோடேட்டாவில் எல்லாரும் நல்லவர்கள்தான். அதனால் என்ன செய்வார்கள்? இரண்டு குடும்பத்தையும் அறிந்த ஒரு பெரியவரிடம் போய், "அந்த வீடு எப்படிங்க?" என்று கேட்பார்கள். அவர் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தைக்கு நாற்பது பக்க பயோடேட்டாவைவிட மதிப்பு அதிகம். மென்பொருள் உலகத்தில் அந்தப் பெரியவர்தான் 'இண்டஸ்ட்ரி அனலிஸ்ட்', அதாவது தொழில்துறை ஆய்வாளர். அமெரிக்காவில் ஒரு வங்கி புது மென்பொருள் வாங்கப் போகிறது, அல்லது தன் கணினி வேலைகளை வெளியே ஒப்படைக்கப் போகிறது என்றால், முதலில் அவரிடம்தான் கேட்கும். அவர் சொல்கிற நாலைந்து பெயருக்குள் உங்கள் கம்பெனி இல்லாவிட்டால், போனே வராது. வேண்டாம் என்று உங்களைத் தள்ளிவிட்டார்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

அந்தப் போன் வந்தால்தான் அம்பத்தூரில் இன்னொரு மாடி நிறையும். வராவிட்டால் 'பெஞ்ச்' நீளும். ஐ.டி. வேலையில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு 'பெஞ்ச்' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இந்தத் தொழிலுக்கு வயது ஒன்றும் குறைவில்லை. ஐ.டி.சி. நிறுவனம் 1964-லேயே தொடங்கிவிட்டது. கிடியன் கார்ட்னர் என்பவர் வால் ஸ்ட்ரீட்டில் ஐ.பி.எம். பங்குகளை அலசி ஆராய்கிற வேலையில் இருந்தார். பங்கு வாங்குபவருக்குச் சொல்கிற யோசனையை, கம்ப்யூட்டர் வாங்குபவருக்கே நேரடியாகச் சொன்னால் என்ன என்று தோன்றியது. 1979-ல் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். 1983-ல் ஃபாரெஸ்டர் வந்தது. இன்று கார்ட்னரின் 'மேஜிக் குவாட்ரன்ட்' ஒரு பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சதுரம், அதற்குள் நாலு கட்டம். சொன்னதைச் செய்து முடிக்கிற திறமை ஒரு பக்கம், நாளைக்கு என்ன வரும் என்ற பார்வை இன்னொரு பக்கம். இரண்டும் இருந்தால் வலது மேல் மூலையில் 'லீடர்'. ஃபாரெஸ்டருக்கு 'வேவ்', ஐ.டி.சி.க்கு 'மார்க்கெட்ஸ்கேப்', சேவை நிறுவனங்களை எடைபோடும் எவரெஸ்ட் குரூப்புக்கு 'பீக் மேட்ரிக்ஸ்' என்று ஆளுக்கொரு படம்.

இந்தப் படங்களில் ஒரு புள்ளியாக இடம்பிடிக்கத்தான் கம்பெனிகள் தனி ஆள் போட்டு வேலை பார்க்கின்றன. பெரும்பாலான இடங்களில் அது எப்படி நடக்கிறது? வருடம் முழுக்க ஆய்வாளர் ஞாபகமே இருக்காது. மதிப்பீடு ஆரம்பம் என்று மின்னஞ்சல் வந்ததும் ஆபீஸே பரபரக்கும். பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள். நாலு டீமிலிருந்து விவரம் திரட்டுவார்கள். மார்க்கெட்டிங் ஆள் அறுபது ஸ்லைடில் ஒரு பி.பி.டி. தயாரிப்பார். ஒரு மணி நேரப் பேச்சில் ஐம்பத்தைந்து நிமிடம் கம்பெனியே பேசும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்பார். "அதை ஆஃப்லைனில் அனுப்புகிறோம்" என்று முடித்துவிடுவார்கள். ரிப்போர்ட் வந்த பிறகு புள்ளி நல்ல இடத்தில் இருந்தால் லிங்க்டுஇன்னில் கேக் வெட்டும் போட்டோ. கீழே இருந்தால், "அவனுக்கு என்ன தெரியும்?"

பொதுத்தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் படிக்கிற பிள்ளையின் கதைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து மதிப்பிட வருகிறவரை எப்படி அணுகுவது என்பதை இதே ஏரியா ஒரு தலைமுறைக்கு முன்பே கற்றுவிட்டது. கண்ணாடிக் கட்டடங்களில் இல்லை. எம்.டி.எச். ரோட்டில், பாடியில்.

பாடியில் வந்த பரிசு

'லூகாஸ்', 'பிரிட்டானியா', 'டன்லப்' என்று கம்பெனி பெயர்களே பஸ் ஸ்டாப் பெயர்களாக நிலைத்துவிட்ட சாலை அது. கம்பெனி மூடினாலும் கண்டக்டர் வாயில் பெயர் மூடாது. அந்தச் சாலையில் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுக்கு 1998-ல் 'டெமிங் பரிசு' கிடைத்தது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் பரிசு அது. லாரி, பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்கிற தொழிற்சாலை.

எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பானுக்கு 1950-ல் போய், தரம் என்பதைப் பற்றிப் பாடம் நடத்தினார். அந்த உரைகள் புத்தகமாக வந்தபோது கிடைத்த ராயல்டியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தை வைத்து ஜப்பான் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் 1951-ல் ஏற்படுத்தியதுதான் இந்தப் பரிசு.

அதன் பிறகு எங்கள் ஏரியாவுக்கு என்ன ஆனது என்று அம்பத்தூர்க்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். அம்பத்தூரில் ஆலை வைத்திருந்த ராணே பிரேக் லைனிங் 2003-ல் வாங்கியது. பாடி லூகாஸ் டி.வி.எஸ். 2004-ல் வாங்கியது. இந்தப் பரிசுக்கும் மேலே ஒரு படி உண்டு. முன்பு 'ஜப்பான் குவாலிட்டி மெடல்', இப்போது 'டெமிங் கிராண்ட் பிரைஸ்'. அதை சுந்தரம் கிளேட்டன் 2002-லும், லூகாஸ் டி.வி.எஸ். 2012-லும், ராணே பிரேக் லைனிங் 2013-லும் எட்டிப்பிடித்தன. ஒரே டிக்கெட்டில் போய்விடக்கூடிய தூரத்துக்குள் இவ்வளவும்.

இதில் கவனிக்க வேண்டியது கோப்பையை அல்ல, பரீட்சை நடந்த விதத்தை. டெமிங் பரிசு ஓட்டப்பந்தயம் கிடையாது. ஒருவருக்குத்தான் முதலிடம் என்று இல்லை. தகுதி இருந்தால் ஒரே வருடத்தில் பல கம்பெனிகள் வாங்கலாம். 'நீ என்ன குறிக்கோள் வைத்தாய், அதற்கு என்ன செய்தாய், பலித்ததா?' என்றுதான் பார்ப்பார்கள். தொழிற்சாலைக்கே வந்து நடத்துகிற ஆய்வில் இரண்டு பகுதிகள். 'ஏ ஷெட்யூல்' என்பது கம்பெனி தன்னைப் பற்றித் தானே விளக்கிக்கொள்கிற நேரம். 'பி ஷெட்யூல்' தொடங்கியதும் கட்டுப்பாடு கைமாறிவிடும். எந்த இடத்தைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்பதெல்லாம் ஆய்வாளர் விருப்பம். அங்கே அழகான ஸ்லைடுக்கு வேலை இல்லை. மெஷின் ஓட்டுகிறவருக்குத் தன் வேலை எதற்காக அப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நிர்வாகத் தலைமையோடு தனியே ஒரு அமர்வு.

ஒரு ராத்திரியில் இதற்கெல்லாம் தயாராக முடியாது. பரிசுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சுந்தரம் கிளேட்டன் வெளியாட்களை உள்ளே விட்டுக் குறை கேட்க ஆரம்பித்துவிட்டது. யோஷிகாஸு ட்சுடா என்ற ஜப்பானியப் பேராசிரியர் பாடிக்குத் திரும்பத் திரும்ப வந்துபோனார். அவரைப் போன்றவர்கள் வந்தால் கைகுலுக்கிப் பாராட்டிவிட்டுப் போவதில்லை. 'இது ஏன்? அது ஏன்?' என்று துளைத்துவிட்டு, வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை வரும்போது முதல் கேள்வியே, போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்பதுதான். நிறுவனத்தின் தலைவர் வேணு சீனிவாசனே இதில் முன்னால் நின்றார். தரக் கட்டுப்பாட்டு மேலாளர் தலையில் கட்டிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. 2019-ல் டெமிங் பரிசுக் குழு அவருக்குத் தனிநபர் விருதும் கொடுத்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தேறாத கம்பெனியின் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். முடிவை நிறுத்திவைத்து, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை மறுபடி ஆய்வுக்கு உட்பட வாய்ப்பும் தருவார்கள். தேறினாலும் தேறாவிட்டாலும், எங்கே குறை என்று எழுத்துமூலம் ஒரு அறிக்கை கைக்கு வரும். பரிசைவிட அந்த அறிக்கைதான் பெரிது என்று சொன்னால் மிகையில்லை.

ஸ்லைடுக்கு வெளியே

இப்போது கண்ணாடிக் கட்டடத்துக்குத் திரும்பலாம். அனலிஸ்ட் ரிலேஷன்ஸ் வேலையிலும் ஒரு 'ஏ', ஒரு 'பி' இருக்கிறது. கம்பெனி பேச, ஆய்வாளர் கேட்டுக்கொள்வது 'பிரீஃபிங்'. கம்பெனி கேள்வி கேட்க, ஆய்வாளர் தன் கருத்தைச் சொல்வது 'இன்க்வயரி'. முதலாவதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கார்ட்னரின் வாடிக்கையாளராக இல்லாத கம்பெனியும் பிரீஃபிங் கேட்டு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். வேதனை என்னவென்றால், நல்ல தொகை கொடுத்துச் சந்தா வாங்கிய கம்பெனிகளும் இன்க்வயரி நேரத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, பிரீஃபிங்கிலேயே தம்பட்டம் அடித்துக்கொண்டிருக்கின்றன. வைத்தியருக்கு ஃபீஸ் கட்டிவிட்டு, தன் உடம்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவரிடமே விளக்குவது போல!

ஆய்வாளரிடம் இருக்கிற உண்மையான சொத்து அந்தச் சதுரப் படம் அல்ல. அவர் வாரம் முழுக்க யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வாங்குகிற பக்கத்து ஆட்களோடு. வங்கி, மருத்துவமனை, சில்லறை வணிகச் சங்கிலி என்று ஒவ்வொருவரும் எதற்கு பயப்படுகிறார்கள், ஒப்பந்தத்தில் எந்த வரியில் முட்டிக்கொள்கிறார்கள், பழைய கம்பெனியை விட்டு ஏன் ஓடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யார் எது சொன்னார் என்று அவர் சொல்ல மாட்டார். ஆனால், "உங்கள் போட்டியாளரையும் சேர்த்து மூன்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் உங்களிடம் வந்தால், எங்களை ஏன் அடிப்பீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்வார். இந்தக் கேள்வியைப் பொருள் சந்தைக்கு வந்த பிறகு கேட்டு என்ன பயன்? அடுத்த வருடத் திட்டம் இன்னும் பென்சிலில் இருக்கும்போதே கேட்க வேண்டும். பென்சிலில் இருந்தால்தானே அழிக்க முடியும்?

அப்படியானால் அந்தப் பேச்சில் உட்கார வேண்டியவர் யார்? மார்க்கெட்டிங் பிரிவு மட்டும் என்றால், கேட்ட பதில் அந்த அறையோடு நின்றுவிடும். பொருளை உருவாக்குகிறவர் காதில் விழ வேண்டும். பாடியில் தலைவரே நின்றதற்குக் காரணமும் அதுதான். ஆய்வாளர் சொன்னது நாலு பேர் கைமாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சர்க்கரை சேர்ந்து மேலே போகும்போது, குறை என்பது பாராட்டாகவே மாறிவிட்டிருக்கும்.

எல்லா ஆய்வாளர்களையும் துரத்தத் தேவையில்லை என்பதும் இங்கே முக்கியம். நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளர்களிடமே, 'எங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் யாரிடம் கேட்டீர்கள், எதைப் படித்தீர்கள்?' என்று விசாரித்தால் ஏழெட்டுப் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அவர்களோடு வருடம் முழுக்கத் தொடர்பு வைத்தால் போதும். 'இந்த வருடம் நாற்பது பிரீஃபிங் முடித்தோம்' என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவது, எத்தனை வீட்டில் பயோடேட்டா கொடுத்தோம் என்று எண்ணுவது மாதிரி. ஆய்வாளர் சொன்னதால் பொருளில் என்ன மாற்றியிருக்கிறோம், வந்த வாய்ப்புகளில் எத்தனை அவர் வாய்மொழியால் வந்தவை என்பதுதான் கணக்கு.

பணம் கட்டினால் மேலே போகலாமா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அம்பத்தூர் சிறு தொழிலதிபர்கள் முதலில் கேட்பதே இதுவாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் நெட்ஸ்கவுட் என்ற நிறுவனம் 2014-ல் இதே குற்றச்சாட்டோடு கார்ட்னர் மீது வழக்குப் போட்டது. சந்தாவுக்குச் செலவழிக்காததால்தான் தங்களை 'லீடர்' கட்டத்தில் போடாமல் 'சேலஞ்சர்' ஆக்கிவிட்டார்கள் என்பது வாதம். கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், 2020-ல் கார்ட்னர் பக்கமே தீர்ப்பானது. அந்தத் தரவரிசை ஒரு கருத்து. கருத்துச் சுதந்திரத்துக்கு உட்பட்டது என்றது நீதிமன்றம்.

இடத்தை விலைக்கு வாங்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், பணம் கட்டுகிறவர் ஆய்வாளரை அடிக்கடி சந்திக்கிறார். அவரைப் பற்றி ஆய்வாளருக்கு அதிகம் தெரிகிறது. தெரிந்தவரைப் பற்றி எழுதுவது யாருக்கும் சுலபம். இதை முழுச் சமநிலை என்று சொல்ல மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, மதிப்பீட்டில் சேர்க்கவே குறைந்தபட்ச வருமானம், இத்தனை நாடுகளில் வாடிக்கையாளர் என்று வாசல்படியை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். ஐம்பது பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு அந்தப் படி எட்டாது.

அதற்குச் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்று ஆரம்பித்து, 2009-ல் 'ஜோஹோ' என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம். அது பங்குச் சந்தையில் இல்லை. வெளி முதலீடும் வாங்கவில்லை. டி.வி.யில் வந்து 'வாங்கலாம், விற்கலாம்' என்று சொல்கிற பங்கு ஆய்வாளருக்கு அங்கே வேலையே இல்லை. (சென்னையில் பிறந்து 2021-ல் அமெரிக்க நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கு இரண்டு வகை ஆய்வாளர்களையும் சமாளிக்க வேண்டிய பாடு!) ஆனால், தொழில்துறை ஆய்வாளர்களை ஜோஹோ விட்டுவிடவில்லை. அவர்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு கூட்டம் நடத்துகிறது. பெரிய நிறுவனங்களின் ஆட்களை மட்டும் அல்ல, தனியாளாக எழுதுகிற சின்ன ஆய்வாளர்களையும் கூப்பிடுகிறது. ஸ்ரீதர் வேம்புவும், பொருள்களை உருவாக்குகிறவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் வைப்பது, கல்லூரி போகாத பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்வது என்று அந்த நிறுவனம் நடக்கிற வித்தியாசமான வழி, மென்பொருள் வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததில் இந்த ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்குப் பெரிய பங்குண்டு.

ஐம்பது பேர் கம்பெனி ஆண்டுக் கூட்டம் நடத்த முடியாதுதான். ஆனால், தன் துறையை மட்டும் கவனிக்கிற ஒரு சின்ன ஆய்வாளரைக் கண்டுபிடிக்கலாம். கார்ட்னர் 'பியர் இன்சைட்ஸ்' போன்ற தளங்களில் வாடிக்கையாளர்களை நேர்மையாக எழுதச் சொல்லலாம். அப்புறம் அந்த இலவச பிரீஃபிங். கிடைக்கிற நேரம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி.

அதற்குப் பத்து ஸ்லைடு தாராளம். கம்பெனி எந்த வருடம் தொடங்கியது, எத்தனை சதுர அடி, குத்துவிளக்கு ஏற்றிய படம் எல்லாம் வேண்டாம். எந்த வாடிக்கையாளருக்கு என்ன தொல்லை இருந்தது, அது எப்படித் தீர்ந்தது, எது இன்னும் தீரவில்லை என்ற மூன்றும் இருந்தால் ஆய்வாளர் நிமிர்ந்து உட்காருவார். மூன்றாவதைச் சொல்லத்தான் எல்லாருக்கும் தயக்கம். கம்பெனி சொல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் அதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கக்கூடும். தொழில்நுட்பத் தலைவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, ராத்திரி ஷிஃப்டில் அமெரிக்க வாடிக்கையாளரின் போனை எடுக்கிற சப்போர்ட் டீம் லீடரையும் உட்கார வைக்கலாம். எந்த ஸ்கிரீனில் வந்து அவர்கள் திட்ட ஆரம்பிக்கிறார்கள் என்பது அந்த ஆபீஸிலேயே அவருக்குத்தான் தெரியும்.